கடைசியாகத் தொட்டது எது? ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கதை



கொஞ்சம் நீண்ட பதிவுதான். முடிவில் பரீட்சை கிடையாது என்பதால் நிதானமாகப் படியுங்கள். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

இடது முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்னால் கிளட்ச் மிதிக்க முடியாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால்தான் 2011 மாடல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். இன்றைக்கு அது 1,86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதம் முன்பு ரேடியேட்டர் ஒழுகியது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் புதிது மாற்றினார்கள். அதன் பிறகு காலையில் கியரை 'டி'யில் போட்டால் வண்டி இரண்டு மூன்று வினாடி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. வயதான வண்டி, நம்மைப் போலத்தான் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் குடும்பத்தோடு சிறுமலை போனோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை. பின் சீட்டில் என் மனைவி பேரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாகத் திரும்பி இறங்கினோம்.

அதே ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். 'பி 0730' என்று ஒரு குறியீடு வந்தது. "சார், கியர்பாக்ஸ் போச்சு. நிறைய ஓடின வண்டி. இறக்கிப் பிரிச்சுத்தான் ஆகணும், 85 ஆயிரம் ஆகும்" என்றார்கள். கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்போமே என்று, கோவையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கும் என் பழைய மாணவனுக்குப் போன் செய்தேன். (பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான்.) நான் குறியீட்டைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் கேட்டது ஒரே கேள்வி:

"சார், வண்டியில கடைசியா எதைக் கழட்டினாங்க?"

அந்தக் கேள்வியின் அருமை புரிய வேண்டுமானால் இந்தக் கியர்பாக்ஸ் எப்படி வளர்ந்தது என்று தெரிய வேண்டும். அவன் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துப் பாடமாக எழுதுகிறேன்.

1908இல் ஃபோர்டு வெளியிட்ட 'மாடல் டி' காரிலேயே இதன் ஒரு பகுதி இருந்தது. நடுவில் பல்சக்கரங்கள், அவற்றைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள். ஆறாம் வகுப்பில் படித்த சூரியனும் கோள்களும் மாதிரி. அவற்றில் ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டால் வேகம் மாறும். வேறொன்றைப் பிடித்தால் பின்னால் போகும். 'மாடல் டி'யில் அப்படிப் பிடிக்கும் வேலையை ஓட்டுநரின் கால் செய்தது.

இன்னொரு பகுதி கப்பலிலிருந்து வந்தது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுற்றும். கப்பலின் உந்துவிசிறியோ மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் இரும்பால் இணைக்காமல் திரவத்தால் இணைத்தார். 1905இல் காப்புரிமை பெற்றார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றதும் காற்றில் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் சேர்த்து ஏராளமாகத் தயாரித்து விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். ஏர்ல் தாம்சன் என்பவரின் குழு உருவாக்கிய 'ஹைட்ரா மேட்டிக்', 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. கிளட்ச் பெடலே கிடையாது. முன்னால் போக நான்கு கியர். பிடிக்கும் வேலையைக் காலுக்குப் பதில் எண்ணெய் அழுத்தம் செய்தது. எப்போது கியர் மாற வேண்டும் என்பதை முடிவு செய்ததும் எண்ணெய்தான். வண்டியின் வேகத்தைப் பொறுத்து ஓர் அழுத்தம், ஆக்ஸிலேட்டரை மிதிப்பதைப் பொறுத்து இன்னோர் அழுத்தம். இரண்டும் ஒரு வால்வை இரு பக்கமிருந்து தள்ளும். வேகத்தின் கை ஓங்கினால் அடுத்த கியர் விழும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எண்ணெயே கணக்குப் போட்டிருக்கிறது, பாருங்கள்! இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 'ஸ்டூவர்ட்' ரக இலகு டாங்கிகளில் ஒரு மாடலுக்கு இதே கியர்பாக்ஸைப் பொருத்தினார்கள். 1948இல் ப்யூக் கார்களின் 'டைனாஃப்ளோ' மூலம் ஃபோட்டிங்கரின் டார்க் கன்வர்ட்டர் சாதாரணக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்ஜினில் ஆயிலின் முதல் வேலை வழவழப்புத் தருவது. இங்கே சக்தியைக் கடத்துவது ஆயில், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஆயில், சூட்டை எடுத்துப் போவதும் ஆயில். அந்தச் சூட்டை ஆற்ற, பல கார்களில் கியர் ஆயில் எங்கே போகிறது தெரியுமா? ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒரு தனிக் குழாய்க்கு. ரேடியேட்டரைக் கழற்றினால் அந்தக் குழாயையும் கழற்ற வேண்டும். கழற்றினால் ஆயில் கொட்டும்.

கொட்டினால் ஊற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். எந்த ஆயிலை? இங்கே ஒரு திமிங்கலக் கதை உண்டு. கிளட்ச் தட்டுகள் வெடுக்கென்று பிடிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. அந்தப் பக்குவத்துக்காக அமெரிக்காவில் இந்த ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெயைக் கலந்தார்கள். அந்தத் திமிங்கலத்தைக் காப்பாற்ற 1970களின் தொடக்கத்தில் அங்கே சட்டம் வந்ததும், மாற்றுக் கலவை தேடி நிறுவனங்கள் திண்டாடின. பின்னாளில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கியர்பாக்ஸுக்கு ஏற்ற ஆயிலைக் குறிப்பிட ஆரம்பித்தது. அதனால் சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் அல்ல. தவறான ஆயில் ஊற்றினால் கியர் மாறும்போது வண்டி நடுங்கும்.

1980களில் முடிவெடுக்கும் வேலை எண்ணெயிடமிருந்து கம்ப்யூட்டருக்குப் போனது. உள்ளே போகும் தண்டின் வேகத்தையும் வெளியே வரும் தண்டின் வேகத்தையும் சென்சார்கள் அளக்கும். சொலினாய்டு என்ற மின்வால்வுகள் ஆயிலைத் திருப்பிவிடும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் பழுதுக் குறியீடுகளைப் பொதுவான முறையில் காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். எனக்கு வந்த 'பி 0730' அந்த வரிசையில் ஒன்று. அதன் பொருள், உள்ளே போகும் வேகத்துக்கும் வெளியே வரும் வேகத்துக்கும் கணக்கு உதைக்கிறது என்பது மட்டுமே. எங்கோ வழுக்குகிறது என்று சொல்லும். ஏன் வழுக்குகிறது என்று சொல்லாது. ஜுரம் 102 என்று தெர்மாமீட்டர் காட்டும். டைஃபாய்டா மலேரியாவா என்று அது சொல்லுமா?

என் மாணவன் விளக்கியது இதுதான்: "சார், இந்த கியர்பாக்ஸ் எந்த வரிசையில வளர்ந்துச்சோ, அதே வரிசையில சோதிக்கணும். இப்ப எல்லாரும் கடைசியில வந்த கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சு, நேரா பிரிக்கிறதுக்குப் போயிடுறாங்க."

அவன் சொன்ன வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆயில். அளவு, நிறம், வாசனை. வண்டி கொஞ்சம் ஓடிச் சூடான பிறகு சமதளத்தில் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடும்போதே, கியர் 'பி'யில் இருக்கும்போது பார்க்கச் சொல்வார்கள். ஹோண்டா போன்ற சிலர் இன்ஜினை நிறுத்தியவுடன் பார்க்கச் சொல்வார்கள். சில புதிய கார்களில் அளவுக்குச்சியே கிடையாது. ஆகவே வண்டியோடு வந்த புத்தகத்தைப் படியுங்கள். கருத்துப்போய்த் தீய்ந்த வாசனை வந்தால் தட்டுகள் வெந்திருக்கின்றன என்று பொருள்.

இரண்டாவது, ரிப்பேரின்போது கை பட்ட இடங்கள். கேபிள் இடம் மாறியிருக்கிறதா, ஒயர் சாக்கெட் சரியாக அமர்ந்திருக்கிறதா, குழாய் இணைப்பு கசிகிறதா, குழாய் நசுங்கியிருக்கிறதா. பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் கற்றுவைத்ததை மறந்துவிடும். சில நாள் கியர் முரட்டுத்தனமாக விழுந்து தானே சரியாகலாம்.

மூன்றாவது, குறியீடு. அதை ஓட்டிப் பார்த்த அனுபவத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லாக் கியரிலும் வழுக்குகிறதா, ஒன்றில் மட்டுமா? சூட்டிலா, குளிரிலா? மேட்டில் மட்டுமா?

நான்காவது, ஆயில் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளப்பது. தேவைப்பட்டால் ஸ்டால் சோதனை. பிரேக்கை இறுக்கி மிதித்து, 'டி'யில் வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து, இன்ஜின் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று பார்ப்பது. அளவுக்கு மேல் போனால் உள்ளே வழுக்குகிறது. குறைந்தால் இன்ஜினுக்குத் தெம்பில்லை அல்லது கன்வர்ட்டரில் கோளாறு. ஐந்து வினாடிக்கு மேல் செய்தால் கியர்பாக்ஸ் வெந்துவிடும். தயவுசெய்து நீங்களே செய்து பார்க்காதீர்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பிரிப்பது.

(2014இல் மாருதி செலேரியோ கொண்டுவந்து நம் நாட்டில் பரவிய 'ஏஎம்டி' வண்டிகள் வேறு ஜாதி. சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்கும், அவ்வளவுதான். மேலே சொன்ன ஆயில் கதை அவற்றுக்குப் பொருந்தாது.)

என் வண்டிக்கு முதல் படியிலேயே விடை கிடைத்தது. சூடாக்கி அளந்தால் ஒன்றேகால் லிட்டர் ஆயில் குறைவு. ரேடியேட்டர் மாற்றியபோது கொட்டியதை, இன்ஜினை நிறுத்திவிட்டுக் குளிர்ந்த நிலையில் அளந்து ஊற்றியிருக்கிறார்கள். சமதளத்தில் ஓடிவிட்டது. மலை வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதும் பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. சரியான ஆயிலைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மாற்றினோம். ஒரு முறை இறக்கினால் முழுவதும் வராது; கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். செலவு ஆறாயிரத்துச் சொச்சம்.

முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது கியர் விழும்போது லேசான நடுக்கம் இருக்கிறது. குறைந்த ஆயிலில் மூன்று வாரம் ஓட்டியதற்கு நான் கொடுத்த விலை அது. காலையில் வண்டி தயங்கியபோதே அது எனக்குச் சொல்லியிருக்கிறது; நான்தான் வயதைக் காரணம் காட்டி ஒதுக்கினேன்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த மாணவன் என்னிடம் படித்தது ஏழாம் வகுப்பு. காலாண்டு வரை நன்றாகப் படித்தவன் அரையாண்டில் கணக்கில் 11 மார்க் வாங்கினான். "உன் மண்டையில ஒண்ணும் இல்லடா" என்று வகுப்பே கேட்கச் சொன்னேன். வேலைக்கென்று வெளியூர் போன அவன் அப்பா அந்த இடைவெளியில் திரும்பி வரவே இல்லை என்பதும், பாட்டி வீட்டிலிருந்து தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்தான் என்பதும் அடுத்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று நான் கேட்டிருக்க வேண்டும். மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போச்சு என்று சொல்லிவிட்டேன்.

போனில் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வண்டி ஓடுதா சார், அம்மா பயந்துட்டாங்களா?" என்றுதான் கேட்டான். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு நான் சொன்னது தவறு. மன்னித்துக்கொள்.

ஒர்க்‌ஷாப் பையனையும் நான் திட்டவில்லை. அளவுக்குச்சியை எப்போது பார்க்க வேண்டும் என்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டான்.

உங்கள் வண்டியில் ஏதாவது வேலை பார்த்த பிறகு புதிதாக ஒரு கோளாறு முளைத்தால், பெரிய செலவுக்குத் தலையாட்டும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் வகுப்பிலும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்