ஈறில் ரத்தம், வயிற்றில் பிள்ளை

புனேவில் எங்கள் பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு மதுரைக் குடும்பம். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பல் டாக்டரிடம் போகலாம் என்றால் ஊரிலிருந்து அம்மா போனில், "வயித்துப் பிள்ளையோட பல்லுல கை வைக்காதடி" என்கிறாராம். கணவரோ இணையத்தில் மேய்ந்துவிட்டு, ஈறு நோய் இருந்தால் பிள்ளை குறைமாதத்தில் பிறக்கும், மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று தூக்கம் கெட்டுத் திரிகிறார். அவர்களுடைய மூத்த பையன் எட்டாம் மாதத்தில் பிறந்தவன். "அண்ணா, அதுவும் என் பல்லாலதானா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

நான் டாக்டர் இல்லை. மருந்து ஆய்வுகளின் புள்ளிவிவரம் பார்ப்பதுதான் பிழைப்பு. ஆனால் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

1891-ல் மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பெர்லினில் வேலை பார்த்தவர், வாயில் இருக்கும் கிருமிகள் உடம்பின் வேறு இடங்களிலும் நோய் உண்டாக்கும் என்று எழுதினார். அது வளர்ந்து வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூட்டு வலிக்கெல்லாம் பல்லைப் பிடுங்கும் கூத்தாக முடிந்தது. பல் போனது, வலி போகவில்லை. அதன்பிறகு வாயையும் உடம்பையும் சேர்த்துப் பேசினாலே சந்தேகமாகப் பார்த்தார்கள்.

அதை மறுபடி கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஆஃபன்பாக்கர். ஈறு நோய்க் கிருமியைச் சினை வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் குட்டிகளின் எடை குறைந்தது. 1996-ல் 124 தாய்மார்களை ஆராய்ந்தார்கள். ஈறு மோசமாக இருந்தவர்களுக்குக் குறைமாதத்தில், எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று கணக்கு வந்தது. காரணமும் பொருத்தமாக இருந்தது. ஈறில் வீக்கம் வந்தால் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் கூடும். பிரசவ வலியைத் தூண்டுவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான்.

ஆனால் 124 பேர் என்பது என் தொழிலில் சின்னக் கூட்டம். புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்துத்தான் கணக்குப் போட்டார்கள். இருந்தாலும் வறுமையை அப்படி முழுசாகக் கழித்துவிட முடியாது. அது ஈறையும் கெடுக்கும், பிரசவத்தையும் கெடுக்கும்.

சரி, ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் பிள்ளை நிறைமாதத்தில் பிறக்குமா? 2002-ல் சிலி நாட்டு சாண்டியாகோவில் 400 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். கர்ப்ப காலத்திலேயே வைத்தியம் பார்த்தவர்களில் குறைப்பிரசவமோ எடை குறைந்த பிள்ளையோ நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே. பிரசவத்துக்குப் பிறகு பார்த்தவர்களில் சுமார் பத்து. பிரமாதம் என்றார்கள். 2006-ல் அமெரிக்காவில் 823 பெண்களோடு பெரிய ஆய்வு வந்தது. 12.0 சதவீதம், 12.8 சதவீதம். வித்தியாசமே இல்லை! 2009-ல் ஆஃபன்பாக்கரே 1,800 பெண்களோடு செய்து பார்த்தார். அதிலும் பலன் தெரியவில்லை. தன் கருத்துக்கு எதிராக வந்த முடிவைத் தானே வெளியிட்ட மனிதர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை.

கணவரின் மூளை வளர்ச்சிக் கவலைக்கும் பதில் இருக்கிறது. அந்த 2006 ஆய்வில் பிறந்த குழந்தைகளில் 400 பேருக்கு மேல் இரண்டு வயது தாண்டியதும் சோதித்து, 2011-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தில் ஈறு வைத்தியம் பார்த்த தாயின் பிள்ளைக்கும் பார்க்காத தாயின் பிள்ளைக்கும் பேச்சு, அறிவு, உடல் அசைவு எதிலும் வித்தியாசம் இல்லை.

கதை முடிந்துவிடவும் இல்லை. 2010-ல் கிளீவ்லாந்து ஆராய்ச்சியாளர்கள், இறந்து பிறந்த ஒரு குழந்தையிடம் இருந்த கிருமி தாயின் ஈறிலிருந்தே போயிருக்கிறது என்று காட்டினார்கள். வழி இருக்கிறது என்பது உண்மை. எவ்வளவு பேருக்கு அப்படி நடக்கும் என்பது வேறு கேள்வி.

மதுரை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதும் அந்த 2006 ஆய்விலேயே உண்டு. கர்ப்பத்தில் ஈறைச் சுத்தம் செய்ததால் பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை. 2013-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் பல் வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்றது.

இதையெல்லாம் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே சொன்னேன். மூத்தவன் விஷயத்தில், உன் பல்தான் காரணம் என்று சொல்ல உலகத்தில் எவரிடமும் ஆதாரம் இல்லையம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சனிக்கிழமை க்ளீனிங்குக்குப் போய் வந்தார்கள். ராத்திரி மதுரையிலிருந்து போன்: "ரொம்ப வலிச்சுதாடி?"