வால்வெள்ளியைக் கணித்த மூவர்

பெருங்கணக்கொன்றைச் செயலியின் பல கருக்களுக்குப் பகிர்ந்தளித்து விரைவில் முடிப்பதை இக்காலப் புதுமையெனக் கருதுவோர் பலர். 1757-58 இல் பாரிஸில் மனிதர் மூவர் இதையே செய்தனர்.

1682 இல் தோன்றிய வால்வெள்ளி 1758 அளவில் மீளுமென ஹலி கூறியிருந்தார். வியாழன், சனி ஆகியவற்றின் ஈர்ப்பால் அது எவ்வளவு தாமதிக்கும் என்பதே வினா. வால்வெள்ளி வருமுன் விடை வேண்டும். கிளெரோ தனித்து முடிக்கக்கூடிய வேலையன்று அது. எனவே 150 ஆண்டுக் காலத்துக்கு அவ்விரு கோள்களின் தூரத்தையும் விசையையும் பாகை பாகையாகக் கணிக்கும் பொறுப்பை லலாந்தும் நிக்கோல் லெபோட் அம்மையாரும் ஏற்றனர். ஆறு மாதம், காலை முதல் இரவு வரை, சில வேளை உணவு மேசையிலும் கணித்தனர். ஆயினும் இவ்வெண்கள் கிடைக்காமல் பாதை பற்றிய கணக்கு நகராது. (பிரிக்கவியலாப் பகுதி பத்திலொன்றாயின், கருக்கள் எத்தனையாயினும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. அம்டால் 1967 இல் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுவே.)

1758 நவம்பரில் கிளெரோ அறிவித்த நாள் அடுத்த ஏப்ரில் நடுப்பகுதி. ஒரு மாதம் வழுவலாம் என்றும் சொல்லிவைத்தார். 1759 மார்ச் 13 இல் வால்வெள்ளி ஞாயிற்றை மிக அண்மித்தது. 1760 இல் வெளிவந்த தம் நூலிலோ லெபோட்டின் உழைப்பை அவர் குறிப்பிடவில்லை. அவரின்றேல் இப்பணியைத் தொடங்கவே துணிந்திருக்கமாட்டோம் என லலாந்து பின்னர் எழுதினார்.