தலைவருக்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல்?

புனேவுக்கு வந்த புதிதில் சனி, ஞாயிறுகளில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆபீசில் பாதி வேலை ஜப்பான் கிளையண்டுக்கு என்பதால் வேறு வழியில்லை. ஒரு நாள் எங்கள் டீம் லீடரை அவர்களுக்கு அறிமுகப்படுத்தி மெயில் எழுத வேண்டியிருந்தது. அகராதியில் 'தலைவர்' தேடினேன், 'ஷிதோஷா' என்று கிடைத்தது. போட்டு அனுப்பியும் விட்டேன்.

அடுத்த வகுப்பில் சென்செயிடம் (ஆசிரியைதான்) பெருமையாகக் காட்டினால், அந்த அம்மா சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. "ஏன், உங்கள் ஆபீசில் புரட்சி ஏதும் நடந்ததா?" என்று கேட்டார். ஷிதோஷா என்றால் வழிகாட்டி நடத்துபவர். விளையாட்டு சொல்லித் தருபவருக்கும் பொருந்தும், ஒரு மக்கள் கூட்டத்தையே நடத்துபவருக்கும் பொருந்தும். ஈரானின் உச்சத் தலைவரை ஜப்பான் பத்திரிகைகள் 'சாய்கோ ஷிதோஷா' என்றுதான் எழுதும். எட்டு பேர் டீமுக்கு அது கொஞ்சம் அதிகம். அங்கே சாதாரணமாக 'ரீதா' போதும். நம்ம 'லீடர்'தான், ஜப்பான் உச்சரிப்பில்.

நமக்கு இந்தத் தொல்லை இல்லை. கட்சிக்கும் தலைவர், சங்கத்துக்கும் தலைவர், ரஜினியும் தலைவர். அங்கே ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு சொல். கம்பெனித் தலைவர் 'ஷாச்சோ', துறைத் தலைவர் 'புச்சோ', அவருக்குக் கீழே 'காச்சோ'. லிபரல் ஜனநாயகக் கட்சியின் தலைவர் 'சோசாய்', கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் 'ஈன்ச்சோ'. பள்ளிக்கூடத்தில் வகுப்பு லீடரும் ஈன்ச்சோதான்! அமெரிக்க ஜனாதிபதி 'தைத்தோர்யோ'. ஹிட்லரை 'சோதோ' என்று குறிப்பிடுவார்கள்.

எதற்கு இவ்வளவு கவனம் என்று எரிச்சலாக இருந்தது. பிறகு கொஞ்சம் வரலாறு படித்தபோதுதான், இந்தச் சொல் விஷயத்தில் ஒரு காலத்தில் ராஜ்ஜியமே ஆட்டம் கண்டது தெரிந்தது.

ஜப்பானில் சக்கரவர்த்தி, அதாவது 'தென்னோ', எப்போதும் உண்டு. ஆனால் 1192-ல் மினமோதோ யோரிதோமோ ஷோகுன் ஆனதிலிருந்து பல நூற்றாண்டுகள் வாள் இருந்தது ஷோகுன்களின் கையில். ஷோகுன் என்பது வெறும் தளபதிப் பட்டம். முழுப் பெயர் 'செய்இ தைஷோகுன்', காட்டுமிராண்டிகளை அடக்கும் பெருந்தளபதி. உள்நாட்டில் பிரச்சினையில்லை. வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதும்போது என்னவென்று கையெழுத்துப் போடுவது? 'ராஜா' என்று போட்டால் மேலே தென்னோ இருக்கிறார். அதோடு அந்தக் காலத்து முறைப்படி 'ராஜா' என்பது சீனச் சக்கரவர்த்திக்கு அடங்கியவன் என்ற அர்த்தமும் தரும். போடாவிட்டால் எதிரில் இருக்கும் கொரிய மன்னருக்குச் சமமாகப் பேச முடியாது.

நடுவில் மாட்டிக்கொண்டது சுஷிமா என்ற தீவு. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையில் இருப்பது. பிழைப்பே கொரிய வியாபாரத்தில். 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷி கொரியா மேல் படையெடுத்ததில் அந்த வியாபாரம் நாசமாகியிருந்தது. சமாதானம் வந்தால்தான் தீவுக்குச் சோறு. 1617-ல் ஷோகுன் ஹிததாதா கொரிய மன்னருக்குக் கொடுத்த பதில் கடிதத்தில் 'ராஜா' என்ற சொல் இல்லை. கொரியத் தூதர்கள் ஏற்க மாட்டார்கள். சுஷிமாக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'ஜப்பான் நாடு' என்பதற்குப் பக்கத்தில் 'ராஜா' என்ற ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தார்கள். மூன்று படுக்கைக் கோடு, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அவ்வளவுதான், 'ஜப்பான் நாட்டு ராஜா' ஆகிவிட்டார். ஒரு எழுத்தில் சமாதானம்!

இந்தப் போலி வேலை உடனே வெளியே வரவில்லை. சுஷிமா பிரபுவுக்கும் அவரது மூத்த அதிகாரி யானகாவாவுக்கும் சண்டை முற்றியபோது யானகாவாவே போட்டுக் கொடுத்தார். 1635-ல் ஷோகுன் இயெமித்சு முன்னால் விசாரணை. வேடிக்கை என்னவென்றால், பிரபு தப்பித்தார், போட்டுக் கொடுத்தவர்தான் வடக்கே நாடு கடத்தப்பட்டார். கொரியாவோடு பேச சுஷிமா வேண்டுமே!

அதற்குப் பிறகு ஷோகுனுக்கு வெளிநாட்டுக் கடிதங்களில் 'தைகுன்' என்ற பட்டம் வந்தது. பெரும் பிரபு என்று வைத்துக்கொள்ளலாம். ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. ஆனால் கொரியாவில் அதே எழுத்துகள் மன்னரின் மகன்களுக்கான பட்டம்! அராய் ஹகுசெகி என்ற அறிஞர் இதைச் சுட்டிக்காட்டி 1711-ல் 'ராஜா' என்று மாற்ற வைத்தார். 1719-லேயே பழையபடி தைகுன்.

1858-ல் அமெரிக்காவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்திலும் ஷோகுன் தைகுன்தான். அங்கிருந்து சொல் கப்பலேறியது. லிங்கனின் செயலாளர்கள் தங்களுக்குள் அவரை 'டைகூன்' என்று செல்லமாகக் குறிப்பிட்டார்கள். இன்று ஆங்கிலப் பேப்பரில் பெரிய தொழிலதிபர்களைக் குறிக்கும் 'டைகூன்' இதுவே. ஜப்பானில் 1867-ல் கடைசி ஷோகுன் அதிகாரத்தைத் தென்னோவிடம் ஒப்படைத்தார், 1885-ல் இதோ ஹிரோபுமி முதல் பிரதமரானார். 1947 அரசியல் சட்டப்படி தென்னோ நாட்டின் அடையாளம் மட்டுமே. பட்டம் அப்படியே இருக்கிறது, அதிகாரம்தான் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

கடைசியாக என் கதை. வெளியாரிடம் பேசும்போது சொந்த மேலதிகாரிக்கு மரியாதை விகுதி சேர்க்கக் கூடாது என்பது ஜப்பானிய முறை. எதிரில் இருப்பவரை உயர்த்த, நம் ஆளைத் தாழ்த்த வேண்டும். பெயரோடு 'புச்சோ' என்று சேர்த்தாலே மரியாதையாகிவிடும். ஒரு கான்பரன்ஸ் காலில், என்னைவிடப் பதினைந்து வயது மூத்த மேலாளரை, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, மொட்டையாகக் குடும்பப் பெயரைச் சொல்லிக் குறிப்பிட்டேன். இலக்கணம் சரி. ஆனால் வாய் கூசியது. வீட்டில் பெரியவர்களைப் பெயர் சொன்னால் அடி விழுந்து வளர்ந்த வாய் அல்லவா? கால் முடிந்ததும், ஜப்பானிய முறை தெரியாத அவர் முகத்தைப் பார்த்து, "சார், மன்னிக்கணும், அந்த மொழியில் அப்படித்தான்" என்று விளக்கவே அரை மணி நேரம் ஆனது. அவர் நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது.

அந்தச் சுஷிமாக்காரர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. நடுவில் நிற்பவனுக்குத்தான் தெரியும், ஒரு சொல்லின் எடை.