மழலைப் பருவத்தில் குறிப்பறிதல்

பேசுபவர் எதை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று பிடிக்கும் திறன், சொற்களைக் கற்ற பிறகு குழந்தைக்கு வந்து சேர்கிறதா, அல்லது சொற்களைக் கற்பதே அந்தத் திறனால்தானா? இந்தக் கேள்வி மிகப் பழையது. இந்திய மீமாம்சகர்கள் அதற்கு ஒரு காட்சியை முன்வைத்தார்கள். பெரியவர் ஒருவர் 'பசுவைக் கொண்டு வா' என்கிறார், கேட்டவர் கொண்டுவருகிறார். அடுத்து 'பசுவைக் கட்டு', 'குதிரையைக் கொண்டு வா' என்று ஏவல் மாறுகிறது. எந்தச் சொல் மாறினால் எந்தச் செயல் மாறுகிறது என்று ஒப்பிட்டு, அருகிலிருக்கும் சிறுவன் பொருளை அறிகிறான். கேட்டவர் அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டுதான் எழுந்தார் என்று சிறுவன் முதலில் ஊகிக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய அகஸ்டீனும், பெரியவர்களின் முகம், கண், உடலசைவு வழியாகவே அவர்கள் கருதியதை உணர்ந்ததாகச் சொல்கிறார்.

இது ஆய்வுக்கூடத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பேசுபவரின் நோக்கத்தைக் கேட்பவர் உணர்வதில்தான் பொருள் இருக்கிறது என்று பால் கிரைஸ் 1957இல் வாதிட்டார். பெரியவரின் பார்வை திரும்பும் பக்கம் கைக்குழந்தையும் திரும்புவதை ஸ்கைஃபும் ஜெரோம் புரூனரும் 1975இல் காட்டினார்கள். ஆனால் கேள்வியின் நடுநரம்பைத் தொட்டவை 1991இல் டேர் பால்ட்வின் வெளியிட்ட சோதனைகள். குழந்தை தன் கையிலுள்ள பொம்மையில் ஆழ்ந்திருக்கும்போது, ஆய்வாளர் வேறொரு வாளிக்குள் எட்டிப் பார்த்தபடி ஒரு புதுச் சொல்லைச் சொல்வார். காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் பொருளும் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றால், அந்தச் சொல் கையிலுள்ள பொம்மைக்கே பெயராகவேண்டும். ஆனால் 18, 19 மாதக் குழந்தைகள் தலையை நிமிர்த்தி, பேசியவரின் முகத்தைப் பார்த்து, அவர் பார்வை போன இடத்தைத் தேடின. பிறகு கேட்டபோது வாளிக்குள் இருந்த பொம்மையையே தேர்ந்தெடுத்தன.

இதற்கு வலுவான மறுப்பு 1998இல் லாரிசா சாமுவெல்சனும் லிண்டா ஸ்மித்தும் எழுப்பியது. ஒரு பொருளை மட்டும் தனி இடத்தில் வைத்து விளையாடச் செய்தால், குழந்தைகள் புதுச் சொல்லை அதற்கே கொடுக்கின்றன. எனவே நினைவும் கவனமும் போதும், பிறர் மனத்தைப் படிக்கும் திறன் தேவையில்லை என்றார்கள். மதிக்கத்தக்க வாதம்தான். ஆனால் அந்த இடமாற்றம் தற்செயலாக நேர்ந்ததுபோல் செய்து காட்டியபோது குழந்தைகள் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை என்று டீசன்டுருக், அக்தர் ஆகியோரின் குழு 2004இல் கண்டது. கண்ணுக்குத் தெரிந்த புதுமை இரண்டிலும் ஒன்றே; வேறுபட்டது நோக்கம் மட்டும். 12 முதல் 14 மாதக் குழந்தைகள், பல சந்தர்ப்பங்களில் சொல்லும் பொருளும் சேர்ந்து வருவதைக் கணக்கிட்டே பொருளைப் பிடிக்கின்றன என்று ஸ்மித்தும் சென் யூவும் 2008இல் காட்டியதும் உண்மை. அந்தக் கணக்கு மூலப்பொருள். எதை எதனோடு சேர்த்து எண்ணுவது என்று தெரிவதற்கு நோக்கம் வேண்டும். ஓராண்டுக் குழந்தை விளையாடும்போது பெற்றோரின் முகத்தைவிடக் கைகளையே அதிகம் பார்க்கிறது என்று அவ்விருவரும் 2013இல் கண்டதும் இதற்கு முரணல்ல. கைகளும் எண்ணத்தைக் காட்டுபவைதாம். பார்வையற்ற குழந்தைகளும் மொழியைச் செம்மையாகக் கற்கிறார்கள். ஆகவே கண் ஒரு வழிதான், ஒரே வழியல்ல.

இன்னொரு மறுப்பும் உண்டு. எல்லாமே அப்படியிருக்க 'சில' என்று சொன்னால், பள்ளிப் பருவக் குழந்தைகள்கூட அதைச் சரி என்று ஏற்கிறார்கள். பேசுபவரின் மனத்தை இரண்டு வயதிலேயே அறிபவர்கள் இதில் ஏன் தவறுகிறார்கள்? காட்சோஸும் பிஷப்பும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. எலி எல்லாக் கேரட்டையும் எடுத்திருக்க, 'சில கேரட்டை எடுத்தது' என்று ஒரு பாத்திரம் சொல்லும். சரியா தவறா என்று மட்டும் கேட்டால் ஐந்தாறு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சரி என்றார்கள். சிறியது, பெரியது, மிகப் பெரியது என்று மூன்று ஸ்ட்ராபெர்ரிகளில் ஒன்றை, சொன்ன விதத்துக்கு ஏற்ப அந்தப் பாத்திரத்துக்குப் பரிசாகக் கொடுக்கச் சொன்னபோதோ, நடு அளவில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். வாக்கியத்தில் இருந்த குறை அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதைத் தவறு என்று தள்ளிவிடத்தான் அவர்கள் ஒப்பவில்லை.