பட்டம் பெற்ற பின் மருத்துவத் துறைக்கு மாற விருப்பமா? விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

புதுடெல்லி: பொறியியலோ வணிகவியலோ படித்து, சில ஆண்டுகள் பணியாற்றிய பின் மருத்துவத் துறைக்கு மாற விரும்புவோரின் முதல் கேள்வி, ஏற்கெனவே பெற்ற பட்டம் இதற்கு உதவுமா என்பதே. பெரும்பாலான படிப்புகளுக்கு உதவாது என்பதே பதில். எம்பிபிஎஸ், செவிலியர், மருந்தியல் ஆகிய படிப்புகளில் சேர்வதற்கான அடிப்படைத் தகுதி, பிளஸ் 2 வகுப்பில் படித்த பாடங்களும் பெற்ற மதிப்பெண்களும்தான். சில வெளிநாடுகளில் உள்ளதைப் போல், பட்டதாரிகளுக்கெனக் காலம் குறைக்கப்பட்ட எம்பிபிஎஸ் படிப்பு இந்தியாவில் இல்லை. எனவே, திட்டமிடலைப் பிளஸ் 2 மதிப்பெண் சான்றிதழிலிருந்தே தொடங்க வேண்டும்.

எம்பிபிஎஸ் படிக்க வயது தடையா?

இல்லை. இளநிலை நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பை தேசிய மருத்துவ ஆணையம் 2022ஆம் ஆண்டு நீக்கியது. சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைவடைந்திருந்தால் போதும். பிளஸ் 2 வகுப்பில் உயிரியல் படிக்காதவர்களுக்கும் வழி உண்டு. பிளஸ் 2 தேர்ச்சிக்குப் பின் உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பத்தைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என 2023ஆம் ஆண்டு நவம்பரில் ஆணையம் அறிவித்தது.

ஆனால் காலக்கணக்கு முக்கியம். எம்பிபிஎஸ் படிப்பு நான்கரை ஆண்டுகள், பயிற்சி மருத்துவர் பணி ஓராண்டு என மொத்தம் ஐந்தரை ஆண்டுகள் ஆகும். 30 வயதில் சேர்பவர் அதை முடிக்கும்போது 35 வயதைக் கடந்திருப்பார். முதுநிலைப் படிப்பு அதன் பிறகே.

செவிலியர் படிப்பு

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் 45 சதவீத மதிப்பெண்களுடன் ஆங்கிலத்திலும் தேர்ச்சி தேவை. பட்டியலின, பழங்குடியினருக்கு 40 சதவீதம் போதும். உயிரியல் படிக்காதவர்கள், மூன்றாண்டு செவிலியர் பட்டயப் படிப்பைப் பரிசீலிக்கலாம். எந்தப் பிரிவில் பிளஸ் 2 முடித்தவர்களும் 40 சதவீத மதிப்பெண்ணும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் பெற்றிருந்தால் இதில் சேரலாம் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. பட்டயம் பெற்ற பின், இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. மூலம் பட்டதாரி செவிலியர் ஆகலாம்.

இங்கே கவனம் தேவை: பி.எஸ்சி. நர்சிங், செவிலியர் பட்டயம் ஆகிய இரண்டுக்கும் கவுன்சில் விதிகளின்படி உச்ச வயது 35. நீட் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை என்பதால் இதற்கும் இல்லை எனக் கருதி ஓராண்டைத் தள்ளிப்போட்டால், வாய்ப்பே கைநழுவக்கூடும்.

கணிதப் பிரிவினருக்கு மருந்தியல்

பிளஸ் 2 வகுப்பில் இயற்பியல், வேதியியலுடன் கணிதம் அல்லது உயிரியல் படித்தவர்கள் மருந்தியலில் சேரலாம். இரண்டாண்டு டி.பார்ம். படிப்புடன் 500 மணி நேர நடைமுறைப் பயிற்சியும் கட்டாயம். மருந்தாளுநராகப் பதிவு பெற, தகுதி வெளியேற்றத் தேர்வையும் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் வலியுறுத்துகின்றன. பி.பார்ம். நான்கு ஆண்டுப் படிப்பாகும்.

முதல் பட்டம் பயன்படும் இடங்கள்

மருத்துவமனை நிர்வாகம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புகளைப் பல கல்வி நிறுவனங்கள் வழங்குகின்றன. அவற்றில் சில, எந்தப் பட்டதாரியையும் ஏற்கின்றன. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள், கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்ற வழிவகுக்கும் கதிரியக்க இயற்பியல் பட்டயப் படிப்பைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் படிக்கலாம். ஆனால் இவற்றில் எதுவும் நோயாளிக்கு மருந்து எழுதும் உரிமையைத் தராது.

அங்கீகாரமே முதல் சோதனை

சேர்க்கைக் கட்டணம் செலுத்தும் முன், உரிய கவுன்சிலின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரையும், அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையையும் சரிபார்க்க வேண்டும். செவிலியர் கல்லூரி எனில் மாநில நர்சிங் கவுன்சிலின் பட்டியலையும் பார்ப்பது நல்லது. அங்கீகாரமற்ற கல்லூரியில் படித்தால் பதிவு கிடைக்காது. பதிவின்றிப் பணியாற்றவும் முடியாது.

தொலைநிலைப் படிப்பை நம்பியிருப்போருக்கும் எச்சரிக்கை தேவை. உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து உள்ளிட்ட பாடங்களைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்த, 2025ஆம் ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்துள்ளது.

பணமும் ஆவணங்களும்

வித்யாலட்சுமி இணையதளம் வழியே கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் ரூ.7.5 லட்சம் வரை பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்போருக்குக் கல்விக் கடன் வட்டி மீது எட்டு ஆண்டுகள் வரை வருமான வரிக் கழிவு கிடைக்கும். கட்டணத்தை மட்டுமல்லாமல், படிக்கும் ஆண்டுகளில் இழக்கும் ஊதியத்தையும் செலவுக் கணக்கில் சேர்ப்பது அவசியம். பணியில் இருந்துகொண்டே இப்படிப்புகளை முடிப்பது இயலாது. வகுப்பு வருகையும் மருத்துவமனைப் பயிற்சியும் கட்டாயம்.

பிளஸ் 2 மதிப்பெண் சான்றிதழ், முந்தைய கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். படிப்பில் இடைவெளி இருப்பதால், அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தைப் பல கல்லூரிகள் கேட்கும். பணியை விட்டு விலகும் முடிவை, சேர்க்கை ஆணை கைக்கு வந்த பின் எடுப்பதே பாதுகாப்பானது.