குபேரன் இல்லை, குபேர்!

புதுச்சேரி நேரு வீதிப் பக்கமாகப் பெரிய மார்க்கெட்டுக்குள் நுழையுங்கள். பூ, மீன், காய்கறி, நடுவே மணிக்கூண்டு. அரசாங்கக் கணக்கில் இதற்கு வேறு பெயர்: குபேர் அங்காடி. வெளியூர்க்காரர் என்ன நினைப்பார்? 'காசு புழங்குகிற இடமாச்சே, செல்வத்துக்கு அதிபதி பெயரை வைத்துவிட்டார்கள்' என்றுதான்.

அதுதான் இல்லை. இவர் எதுவார் குபேர். பிரெஞ்சிந்திய அரசியலில் பெரும்புள்ளி. 1954 மார்ச் வரை பிரான்ஸ் பக்கம் நின்றவர், அந்த மாதமே 'இந்தியாவோடு இணைவோம்' என்று அணி மாறினார். 1963 ஜூலையில் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரும் ஆனார்.

அவர் பதவியில் இருந்தபோதுதான், 1964 பிப்ரவரியில், ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வெளிவந்தது. அதுவும் ஆள்மாறாட்ட சமாச்சாரம்தான்.

கதை தெரியும்தானே? எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா. வேலை போன அசோக், பங்களா வாசலிலேயே போராட்டம் நடத்துகிறான். அறிமுக நாயகன் ரவிச்சந்திரன். முதலாளியின் மகள் நிர்மலா மீது அவனுக்குக் காதல். நண்பன் வாசு, அதாவது முத்துராமன், தாடி ஒட்டிக்கொண்டு கோடீஸ்வர அப்பா சிதம்பரமாக வந்து இறங்குகிறான். அவ்வளவுதான், பாலையாவின் குரல், நடை, உபசாரம் எல்லாமே தலைகீழ்! இதில் வேடிக்கை, இன்னொரு மகள் காஞ்சனாவைக் காதலிப்பவன் இந்த வாசுதான். வருங்கால மாமனாரையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறான். ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் எழுதிய இந்தச் சிரிப்பு 1965-ல் தெலுங்கிலும் 1966-ல் இந்தியிலும் மறுபடி எடுக்கப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். பையன் அதே பையன். சட்டையைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அப்பா ஒருத்தர் கிடைத்தார், மதிப்பு ஏறிவிட்டது. நிர்மலாவுக்குப் பிடித்தது அசோக்கை. பாலையாவுக்குப் பிடித்தது அசோக்கின் 'அப்பாவை'!

வணிகவியல் படித்தபோது முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் இது: வவுச்சர் பார்க்காமல் வரவு எழுதாதே. பாலையா வவுச்சர் கேட்கவில்லை. தாடியைப் பார்த்தார், வரவு வைத்துவிட்டார். சிரிக்கிறோம். ஆனால் வரன் பார்க்கப் போகும்போது நாம் முதலில் விசாரிப்பது என்ன? சொந்த வீடா, வாடகையா? என்ன கார்? ஃபாரினா? பையனிடம் உட்கார்ந்து பேசுவது அதற்கப்புறம்தான். சில வீடுகளில் அதுவும் கிடையாது.

பெரிய மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால், ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். 'உள்ளே பூச்சி இருக்குமாம்மா?' என்று கேட்கிறோம். வாழ்நாள் முழுக்க மகள் கூடவே இருக்கப்போகிறவனை மட்டும் பெயர்ப் பலகை பார்த்தே எடைபோட்டு விடுகிறோம்.

குபேர் என்று எழுதியிருந்தால் குபேரன் என்றே படிக்கிறோமே சார்!