உபசம்பதைக்குள் வந்த சாதி

இலங்கை வரலாறு நடத்திய காலத்தில், ஒருவரைப் பிக்குவாக முழுமையாக ஏற்கும் உபசம்பதைச் சடங்கில் கேட்கப்படும் கேள்விகளைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதுவேன். தொழுநோய் உண்டா? காக்கைவலிப்பு? நீ மனிதன்தானா? (நாகம் ஒன்று மனித உருவில் வந்து பிக்குவான கதை உண்டு.) அடிமையா? கடன் இருக்கிறதா? அரச சேவகனா? தாய் தந்தை சம்மதித்தார்களா? இருபது வயது நிரம்பிற்றா? பாத்திரமும் சீவரமும் உண்டா? பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய பிடகம் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறது, சாதியைக் கேட்கவில்லை.

புத்தரின் சொந்தக் குலத்துச் சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, தங்கள் செருக்கு அடங்க வேண்டுமென்று நாவிதர் உபாலிக்கு முதலில் தீட்சை தரச் சொன்னார்கள். பிறகு அவர்களே அவரை வணங்கினார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கண்டி இராச்சியத்தில் உபசம்பதை பெற்ற பிக்குகளே இல்லை. காவியுடுத்து, குடும்பமும் நடத்தி, விகாரை வயல்களை அனுபவித்த கணின்னான்சேக்கள்தான் இருந்தார்கள். வெலிவிட்ட சரணங்கரரின் விடாமுயற்சியால், நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்தான். 1753இல் சடங்கை நடத்தியவர் பெயரும் உபாலிதான். ஆனால் சில ஆண்டுகளுக்குள் வேளாண் சாதியான கொவிகமவர் தவிர மற்றவர்களுக்கு அந்த வாசல் அடைபட்டது. விகாரைக்கு வயல் இருந்தது. குரு தன் சகோதரி மகனைச் சீடனாக்கினால் வயல் குடும்பத்தை விட்டுப் போகாது. கீழ்ச்சாதிப் பிக்குவின் காலில் விழ நிலப்பிரபுக்களுக்கு மனமும் இல்லை.

கறுவாவால் செல்வம் பெற்றிருந்த கரையோரச் சலாகம சாதியார் பர்மாவை நாடினார்கள். அம்பகஹபிட்டியே ஞானவிமலர் அமரபுரத்தில் உபசம்பதை பெற்று 1803இல் திரும்பினார். பலப்பிட்டிய மாதுகங்கையின் நடுவே சடங்கு நடந்தது. சடங்குக்கு வேண்டிய எல்லையைச் சீமை என்பார்கள்; ஆற்றில் நீரே சீமை. கண்டியின் எந்தத் துறவிப் பீடத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. துணிச்சலான காரியம் அது. ஆனால் இப்படி உருவான அமரபுர நிகாய என்ற துறவிப் பிரிவும் சலாகம, கராவ, துராவ என்று சாதிவாரியாகப் பிரிந்தது.

தூய பௌத்தம் பிற்காலத்தில் கெட்டுப்போனது என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. அரச சேவகனைச் சேர்க்காத விதியே, படைவீரர்கள் ஓடிவந்து துறவியாவதாக மகத மன்னன் பிம்பிசாரனிடமிருந்து வந்த முறைப்பாட்டால் பிறந்தது. அதிகாரத்துக்கு இடம்கொடுப்பது புத்தர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. சாதிக்கு மட்டும் அன்று இடம்கொடுக்கவில்லை. அதனாலேயே கண்டி செய்ததை மரபு என்று ஏற்க என்னால் முடியவில்லை. கண்டியின் மல்வத்து, அஸ்கிரி பீடங்களில் இன்றும் கொவிகமப் பிள்ளைகளுக்கே உபசம்பதை.